காசு இருந்தும் கிடைக்காத தண்ணீர்

1901-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. மராட்டிய மண்ணில் மசூர் என்றொரு சின்ன ரயில் நிலையம். சதாராவிலிருந்து வந்த ரயிலில் நான்கு சிறுவர்கள் இறங்குகிறார்கள். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுச் செருப்பு. அவர்களில் ஒருவனுடைய அப்பா கோரேகாவ் என்ற ஊரில் வேலை பார்க்கிறார். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பணியில் அவர் காசாளர். அவரிடம் போகத்தான் பிள்ளைகள் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் போட்ட கடிதத்தை எசமானிடம் கொடுக்க வேலையாள் மறந்துவிட்டான். நிலைய அதிகாரி வந்து யார் என்ன என்று விசாரித்தார். பிள்ளைகள் விவரம் தெரியாமல் தாங்கள் மகர் சாதி என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் மாறிப்போயிற்று. வெளியே மாட்டுவண்டிகள் சவாரிக்குக் காத்து நின்றன. பிள்ளைகள் கையில் காசும் இருந்தது. ஆனால் ஒரு வண்டிக்காரரும் வர ஒப்பவில்லை. வெகு நேரம் கழித்து ஒருவர் இறங்கி வந்தார். கூலி இரண்டு மடங்கு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். தீண்டத்தகாதவர்களுக்கு வண்டி ஓட்டினார் என்ற பேர் அவருக்கு வந்துவிடக் கூடாதல்லவா!

இரவில் பயணம். கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் சுங்கச்சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசியோடும் தாகத்தோடும் அந்த இரவைக் கழித்தார்கள்.

அந்த நால்வரில் ஒருவன்தான் பீமராவ். பின்னாளில் அண்ணல் அம்பேத்கர்.

சிலைகளில் அவர் கையில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் இருக்கிறது. அதனால் சட்டம் எழுதியவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் முதலில் படித்ததும் பட்டம் வாங்கியதும் பொருளாதாரத்தில் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. சந்தையில் அரசாங்கம் தலையிட வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா என்ற கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் அவர். காசு கொடுத்தால் பொருள் கிடைக்கும் என்பதுதான் சந்தையின் பாலபாடம். அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, பத்து வயதில் மசூர் நிலையத்து வாசலில் தெரிந்துகொண்டார்.

படிப்பும் பட்டமும் திறக்காத கதவு

1891 ஏப்ரல் 14-இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பூர்வீகம் கொங்கணக் கரையோர ரத்தினகிரி மாவட்டம். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். பொருளாதாரமும் அரசியலும் அவர் எடுத்த பாடங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆராய்ந்து 1915-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளி. உதவித்தொகை முடிந்துபோனதால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் திரும்ப வேண்டியதாயிற்று.

உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடாவில் வேலை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கூடத் தொட்டுவிடாமல் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார். தங்க இடம் கிடைக்காமல், பார்சிகளுக்கான விடுதியில் பார்சிப் பெயரில் வாடகை கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நகரத்தில் வேறு வீடு கிடைக்காததால் வேலையையும் விட வேண்டியிருந்தது.

பம்பாய் திரும்பிப் பங்குச்சந்தை வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. தொழில் படுத்துவிட்டது.

கூலி கொடுக்கத் தயாராக இருந்தும் வண்டி இல்லை. வாடகை கொடுத்தும் வீடு இல்லை. உலகத்தரமான படிப்பு இருந்தும் தொழில் இல்லை. மூன்று இடத்திலும் அவரிடம் விலை இருந்தது. விலைக்கு முன்னால் சாதி வந்து நின்றது.

நிலம் சிறியதா, முதலீடு சிறியதா?

1918-இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். அதே ஆண்டில் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். துண்டு துண்டாகக் கிடக்கும் நிலங்களை ஒன்றுசேர்த்துவிட்டால் விவசாயம் செழித்துவிடும் என்று அன்று பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒரு நிலம் பெரியதா சிறியதா என்பதை ஏக்கரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதில் போடும் முதலும் உழைப்பும் கருவிகளும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் நிலத்தில் போட முதல் இல்லை. வேலையில்லாமல் நிலத்தில் முடங்கிக் கிடக்கும் கைகளுக்குத் தொழில்களில் வேலை கொடுத்தால்தான் விவசாயமும் தேறும் என்பது அவர் வாதம்.

அரசை நம்பாத இடம்

மறுபடி லண்டன் சென்று ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு அதே ஆண்டு நூலாகவும் வந்தது. அப்போதே பெயர் பெற்றிருந்த பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், இந்தியாவில் நடைமுறையில் இருந்த தங்க மாற்று முறையை ஆதரித்து எழுதியிருந்தார். இளைஞரான அம்பேத்கர் அதை மறுத்தார். அந்த முறையில் ஆட்சியாளர்கள் நினைத்தபோதெல்லாம் நாணயத்தைப் பெருக்கிவிட முடியும். நாணயம் பெருகினால் விலைவாசி ஏறும். விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஆகவே நாணயம் வெளியிடுவதற்குச் சட்டத்தால் ஓர் எல்லை கட்ட வேண்டும் என்றார். 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தபோதும் இந்தக் கருத்தையே வலியுறுத்தினார்.

இதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டால் விடிந்துவிடும் என்று நம்பியவர் அல்ல அம்பேத்கர். அரசு எங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், எங்கே கையை நீட்ட வேண்டும் என்று இடம் பார்த்துச் சொன்னவர். இரண்டு இடத்திலும் அவர் வைத்த அளவுகோல் ஒன்றுதான். கூலிக்காரர் என்ன ஆவார் என்பதே அது.

கடைக்காரர் பொருள் தராவிட்டால்?

1927-இல் மகாடு குளத்துப் போராட்டம். பொதுக்குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924-லேயே நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பதிலுக்கு அடிதான் கிடைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 1937-இல்தான் தீர்ந்தது.

உரிமை கேட்ட இடத்திலெல்லாம் இன்னொரு ஆயுதமும் வந்தது. அதுதான் ஊர்க்கட்டுப்பாடு. கூலி வேலை தரமாட்டார்கள், குத்தகை நிலத்தைப் பிடுங்குவார்கள், கடையில் உப்பு புளி விற்க மாட்டார்கள். ஒருவரையும் அடிக்காமலே ஒரு சேரியைப் பட்டினி போட்டு மண்டியிட வைக்கலாம். வாங்குவதும் விற்பதும் அவரவர் விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அம்பேத்கர் வைத்த பதில் இங்கேதான் இருக்கிறது.

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கர். மற்றவர் நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், இப்படிப்பட்ட புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். பர்மாவில் 1922-இல் வந்த புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார்கள். சந்தையின் வாசலில் அரசு நின்றால்தான் கடைசி மனிதரும் உள்ளே போக முடியும் என்பது அந்தக் கோரிக்கையின் பொருள்.

உழவரும் தொழிலாளரும்

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். கொங்கணத்தில் கோத் எனப்பட்ட நிலவரி வசூல் செய்யும் ஆண்டைகள் குத்தகை உழவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். அந்த முறையை ஒழிக்க 1937 செப்டம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்களைத் திரட்டிச் சட்டமன்றம் நோக்கி ஊர்வலம் நடத்தினார். மசோதா அன்று நிறைவேறவில்லை. கோத் முறையை ஒழிக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது.

அதே 1938-இல் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்தார். வேலை செய்ய மறுப்பது தொழிலாளியின் சுதந்திரம், அதைக் குற்றமாக்கினால் அவரை அடிமையாக்குவதாகும் என்று வாதாடினார். நவம்பர் 7-இல் நடந்த ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் அவர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து நின்றார்கள்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் முத்தரப்பு மாநாடு நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 1946-இல் 48 மணி நேரமாகக் குறைந்தது. குறைந்தபட்சக் கூலிக்கான மசோதாவை அந்த ஆண்டு அவர் கொண்டுவந்தார். 1948-இல் அது சட்டமானது. பாசனமும் மின்சாரமும் அவர் துறையிலேயே இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான அடித்தளம் அந்தக் காலத்தில் போடப்பட்டது.

நாட்டின் இலட்சியம் எது?

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடியது. சுதந்திர இந்தியாவின் இலட்சியங்களைச் சொல்லும் தீர்மானத்தை நேரு முன்மொழிந்தார். டிசம்பர் 17-இல் அம்பேத்கர் பேசினார். தீர்மானம் தமக்கு ஏமாற்றம் தருவதாகச் சொன்னார். சமூக, பொருளாதார, அரசியல் நீதி என்று அது பேசுகிறது. ஆனால் உரிமை பறிபோனால் என்ன பரிகாரம் என்று சொல்லவில்லை. பரிகாரம் இல்லாத உரிமை உரிமையே அல்ல. பொருளாதார நீதியில் உண்மையான அக்கறை இருந்தால், தொழில்களும் நிலமும் நாட்டுடைமை ஆகும் என்ற உறுதி அதில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததாகவும் கூறினார்.

எதிர்பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1947-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற கோரிக்கை நூலை முன்வைத்தார். முக்கியத் தொழில்களை அரசே நடத்த வேண்டும். காப்பீடு அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். விவசாய நிலத்தை உரிய இழப்பீட்டுப் பத்திரம் கொடுத்து அரசு எடுத்துக்கொண்டு, பண்ணைகளாகப் பிரித்து, சாதி பாராமல் ஊர் மக்களுக்குக் கூட்டுச் சாகுபடிக்கு விட வேண்டும். தண்ணீர், மாடு, கருவி, உரம், விதை எல்லாவற்றுக்கும் அரசு முதல் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஊரில் ஆண்டையும் இருக்க மாட்டார், குத்தகைக்காரரும் இருக்க மாட்டார், நிலமற்ற கூலியும் இருக்க மாட்டார். இவையெல்லாம் பத்து ஆண்டுகளுக்குள் நடந்தேற வேண்டும் என்றும், அடுத்த தேர்தலில் பெரும்பான்மை பெற்றவர்கள் மாற்றிவிடாதபடி அரசியலமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்றும் கேட்டார்.

அரசு விலகி நின்றால் சுதந்திரம் வளரும் என்பவர்களுக்கு அதே நூலில் பதில் சொன்னார். அரசு விலகினால் யாருக்குச் சுதந்திரம்? குத்தகையை ஏற்ற ஆண்டைக்குச் சுதந்திரம். வேலை நேரத்தைக் கூட்டவும் கூலியைக் குறைக்கவும் முதலாளிக்குச் சுதந்திரம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவருக்குப் பேச்சுரிமை எழுதிக் கொடுத்து என்ன பயன்? அதே நேரத்தில் சர்வாதிகாரமும் அவருக்கு ஆகாது. நாடாளுமன்ற ஜனநாயகம் இருக்க வேண்டும், அதற்குள்ளேயே பொருளாதாரச் சமத்துவமும் வர வேண்டும் என்றார்.

ஒரு சொல்லும் ஒரு மறுப்பும்

அவருடைய திட்டத்தைச் சபை ஏற்கவில்லை. 1947 ஆகஸ்டில் அவர் வரைவுக் குழுவின் தலைவரானார். 1948 நவம்பர் 15-இல் பொருளாதார அறிஞர் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இந்தியா மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச ஒன்றியம் என்று எழுத வேண்டும் என்பது திருத்தம். அதை அம்பேத்கரே எதிர்த்தார்.

முந்தைய ஆண்டு நிலத்தையே நாட்டுடைமை ஆக்கச் சொன்னவர், அந்தச் சொல்லை ஏன் தடுத்தார்? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் சபையில் சொன்ன காரணங்கள் இரண்டு. சமூகத்தைப் பொருளாதார முறையில் எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கேற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும், வருங்காலத் தலைமுறையின் கையைக் கட்டக் கூடாது என்பது ஒன்று. அந்தச் சொல்லின் உள்ளடக்கம் வழிகாட்டு நெறிகளில் ஏற்கனவே இருக்கிறது என்பது மற்றொன்று. நாட்டின் வளங்கள் பொதுநன்மைக்குப் பயன்படும்படி பகிரப்பட வேண்டும், செல்வம் ஒரு சிலரிடம் குவியக் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும் என்ற அந்த நெறிகள் இன்று 39-ஆம் பிரிவில் இருக்கின்றன.

முதல் காரணம் 1947-இல் அவர் கேட்டதோடு முட்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதை அறிஞர்கள் பலவாறு விளக்குகிறார்கள். எனக்குத் தோன்றுவது இது. 1947-இல் அவர் பேசியது தன் மக்களின் பிரதிநிதியாக. 1948-இல் பேசியது சபை ஏற்றுக்கொண்ட வரைவின் பொறுப்பாளராக. முதலில் கேட்டது நிலமும் விதையும் முதலும் அடங்கிய திட்டம். பின்னால் வந்தது ஒரு சொல். திட்டம் இல்லாத சொல், பரிகாரம் இல்லாத உரிமையைப் போலத்தான். 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் அந்தச் சொல் முகப்புரையில் ஏறியது. அதனால் கூலிக்காரர் கைக்கு நிலம் வந்துவிடவில்லை என்பதை நம் ஊரே சொல்லும்.

1949 நவம்பர் 25-இல், பணி முடியும் தறுவாயில், அவர் சபையை எச்சரித்தார். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவம் வரப்போகிறது. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கப்போகிறது. இந்த முரண்பாட்டை விரைவில் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார்.

கடைசி ஆண்டுகள்

1951-இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதையொட்டி அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்த ஆண்டு தேர்தல் அறிக்கையில் அவர் கூட்டமைப்பு ஒரு நிதானமான நிலையை எடுத்தது. எந்தத் தொழிலை அரசு நடத்துவது அவசியமோ, சாத்தியமோ அதை அரசு நடத்தட்டும். அவசியமில்லாத இடத்தில் தனியார் நடத்தட்டும். காப்பீடு மட்டும் நாட்டுடைமை ஆகியே தீர வேண்டும். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது அவர் உயிரோடு இருந்தார். நிலம் பற்றிய கனவு அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். வறுமையும் சுரண்டலும் ஒழிய வேண்டும் என்பதில் மார்க்ஸோடு உடன்பட்டார். அதற்கு வன்முறையும் சர்வாதிகாரமும் வழியல்ல என்றார். டிசம்பர் 6-இல் மறைந்தார்.

இன்று அரசு எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும், சந்தையே எல்லோரையும் தூக்கிவிடும் என்று பேசப்படுகிறது. இன்னொரு பக்கம் அரசு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கை இரண்டு பக்கத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கச் சொல்கிறது. காசோடு வந்து நிற்கும் கடைசி மனிதருக்கு வண்டி கிடைக்கிறதா, வீடு கிடைக்கிறதா, தண்ணீர் கிடைக்கிறதா?

அம்பேத்கரும் சீனிவாசனும் 1930-இல் கேட்டது வீண்போகவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அம்மக்களைச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் குற்றம். சாதியைச் சொல்லிக் கூலி வேலை மறுப்பதும், வியாபாரம் செய்ய மறுப்பதும் இதில் அடங்கும். ஊர்க்கட்டுப்பாடு என்ற பேரில் இது நடந்தால் அது ஊர் வழக்கம் அல்ல, வழக்குப் பதிய வேண்டிய குற்றம்.

மகாடு நகராட்சியின் தீர்மானத்தைப் போல இந்தச் சட்டமும் காகிதத்தில் கிடக்கலாம். போய்க் கேட்பவர் இருந்தால்தான் அது குளத்து நீராகும். அண்ணலின் நூல் தொகுதிகள் தமிழில் வந்திருக்கின்றன. பிள்ளைகள் நூலகத்தில் கேட்டு வாங்கி, மசூர் நிலையத்துக் கதையிலிருந்து தொடங்கலாம். அவர் கையில் இருக்கும் புத்தகத்தை அவர் ஏன் எழுத நேர்ந்தது என்பது அந்த ஓர் இரவிலேயே புரிந்துவிடும்.